பைக்குள் இருந்த கை

"…சரி, இதைச் சொல்லு. நான் ஆறாவது படிக்கும்போது என் ஜடையை வெட்டினது யாரு?"

"நான்தான்."

"எதுக்கு வெட்டினே?"

"உன் ஜடை என்னோடதை விட நீளமா இருந்துச்சு."

"எல்லாம் சரியாத்தான் சொல்றே. அதான் எனக்குப் பயமா இருக்கு. எங்க அக்கா என்னைக்காவது கேட்ட கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லியிருக்காளா? இத்தனை நேரத்துக்கு என்னை வாங்கு வாங்குன்னு வாங்கியிருப்பா."

கதவுக்கு இந்தப் பக்கம், தன் விரல் தனக்கே தெரியாத இருட்டில் நின்றுகொண்டிருந்த ஸ்டுடியோக்காரர் மூக்கால் சிரித்தார். மச்சினிக்கு வேறு வேலை இல்லை. தையல் கடை வைத்திருக்கிறாள். நாள் முழுக்க மிஷினை மிதித்துக்கொண்டே டிவி சீரியல் பார்க்கிறாள். அதில் இரட்டைப் பிறவி, ஆள்மாறாட்டம் என்று எதையாவது காட்டுவான். அதை இங்கே கொண்டுவந்து இறக்குகிறாள். அக்கா போனில் "நல்லா இருக்கியா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டாளாம். அதற்காக வியாழக்கிழமை பஸ் பிடித்து வந்து, நான்கு நாளாகச் சொந்த அக்காவை போலீஸ்காரி மாதிரி விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

அவர் கையில் இருந்தது சாதாரண ஃபிலிம் இல்லை. இன்ஃப்ராரெட் எனும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் வாங்கிக்கொள்ளும் கறுப்பு வெள்ளை ஃபிலிம். ஃபிரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காப்பாற்ற வேண்டிய சாதி. டப்பாவைத் திறப்பதும் இருட்டில், சுருளில் ஏற்றுவதும் இருட்டில். மற்ற வேலைகளுக்கு இருக்கும் சிவப்பு விளக்குகூட இதற்கு ஆகாது. வீட்டின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமைத்தான் அவர் இருட்டறை ஆக்கியிருந்தார். கதவு இடுக்கில் கறுப்புத் துணி, சாவித் துவாரத்தின் வெளிப்பக்கம் மெழுகு. அதற்குள் போய்விட்டால் ஃபிலிம் கழுவும் ஹைப்போ மருந்தின் புளித்த வாடையும், குழாய் சொட்டும் சத்தமும், வெளியே நடக்கும் பேச்சும்தான் உலகம்.

கணினியில் ஒரு பட்டனைத் தட்டி மரத்தை வெள்ளையாக்கிவிட்டு "நானும் இன்ஃப்ராரெட்" என்று காட்டுகிறவர்களைப் பார்த்தால் அவருக்கு வாந்தி வரும். காய்ச்சல்காரனை எடுத்தால் பளபளவென்று தெரிவானா என்று கேட்ட ஃபோட்டோ கிளப் செக்ரட்டரியை அவர் இன்றுவரை மனிதக் கணக்கில் சேர்க்கவில்லை. சூடு வேறு, இது வேறு. பச்சை இலை இந்த ஒளியைத் திருப்பி அடிக்கும். படத்தில் பனி கொட்டின மாதிரி வெள்ளையாக வரும். வெட்டிப்போட்டுக் காய்ந்த கிளை மங்கிவிடும். பிளாஸ்டிக் இலை பெரும்பாலும் கறுப்பு. எதிர்வீட்டு வக்கீல் தன் வேலிச் செடியைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். ஸ்டுடியோக்காரர் ஒரே ஒரு படம் எடுத்துத் தெரு முழுக்கக் காட்டினார். வேலி கரிக்கட்டை மாதிரி நின்றது. பாதிக்கு மேல் பிளாஸ்டிக்.

"கண்ணை ஏமாத்தலாம், என் ஃபிலிமை ஏமாத்த முடியாது" என்பார். அந்தப் பேச்சை மச்சினி பத்துத் தடவையாவது கேட்டிருக்கிறாள்.

வெளியே மச்சினி அழ ஆரம்பித்தாள். மனைவி ஆறுதல்கூடச் சொல்லவில்லை. அவர் சுருள்களை ஸ்டீல் டாங்கில் இறக்கினார்.

அப்போது அவர் மணிக்கட்டில் ஏதோ ஜில்லென்று பட்டது. குழாய்த் தண்ணீர் என்று நினைத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு டாங்கை மூடினார்.

டாங்கில் இருந்தவை இரண்டு ரோல்கள். பத்து நாளுக்கு முன்னால், ஊருக்கு வெளியே மூடிக் கிடக்கும் பழைய தண்ணீர் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தோப்பில் எடுத்தவை. நல்ல உச்சி வெயில். மனைவியைக் கெஞ்சி அல்ல, திட்டிக் கூட்டிப் போயிருந்தார். வழியெல்லாம் அவளும் விடவில்லை. கேமராவை "உங்க மூத்த சம்சாரம்" என்பாள். அன்றும், மூத்தவளுக்குக் குடை பிடிக்க இளையவள் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டேதான் வந்தாள். ஒரு மரத்தடியில் நிறுத்தி, முகவாயைக் கொஞ்சம் இடது பக்கம் தூக்கச் சொல்லி, "அசையாதே" என்றார்.

எட்டாவது படத்தில் ஃபிலிம் சிக்கிக்கொண்டது. அங்கே திறந்தால் எடுத்ததெல்லாம் போகும். அதனால் கேமராவைக் கறுப்புத் துணிப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடி, இரண்டு கையையும் ரப்பர் வைத்த சட்டைக்கைகள் வழியாக முழங்கை வரை உள்ளே விட்டு, தரையில் உட்கார்ந்து துழாவ ஆரம்பித்தார். அந்தப் பைக்குள் கை போய்விட்டால் அவ்வளவுதான். ஃபிலிம் திறந்து கிடக்கும்வரை கையை வெளியே எடுக்க முடியாது.

அப்போதுதான் அவள் கூப்பிட்டாள். "என்னங்க, ஒரு நிமிஷம் இங்க வாங்களேன்."

"கை பைக்குள்ள இருக்கு. அசையாம நில்லு."

கொஞ்சம் கழித்து மறுபடியும் அதே வார்த்தை, கொஞ்சம் அவசரமாக. அவர் துழாவிக்கொண்டே இருந்தார். மூன்றாம் தடவை அந்தக் குரல் மரத்தடியிலிருந்து வரவில்லை, இன்னும் உள்ளே தள்ளி, தோப்புக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. கையை எடுக்கலாமா என்று ஒரு நொடி நினைத்தார். எட்டுப் படம். நல்ல எட்டுப் படம். எறும்பு கடித்திருக்கும், கத்தட்டும்.

ஃபிலிமைச் சுற்றி டப்பாவில் அடைத்து, பையைத் திறந்து நிமிர்ந்தபோது இருபது நிமிடம் ஆகியிருந்தது. மனைவி அதே மரத்தடியில், அதே முகவாய் இடது பக்கம் தூக்கி, இம்மி பிசகாமல் நின்றுகொண்டிருந்தாள். எதற்குக் கூப்பிட்டாய் என்றதற்கு, "ஒண்ணுமில்லைங்க" என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறாள் என்று அவருக்கு ஒரே திருப்தி. புது ரோல் போட்டு இன்னும் பன்னிரண்டு படம் எடுத்தார். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு திரும்பும்போதும் பேசவில்லை.

பரீட்சை விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க வந்த கூட்டத்தில் பத்து நாள் ஓடிவிட்டது. அந்தப் பத்து நாளும் வீடு கோயில் மாதிரி அமைதி. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. எதிர்ப்பேச்சு இல்லை. ஒரு நாள் மத்தியானம் தண்ணீர் குடிக்கப் போனபோது, மனைவி ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே, சுவரைப் பார்த்து, முகவாயை இடது பக்கம் தூக்கி நின்றுகொண்டிருந்தாள். என்ன என்றதற்கு "ஒண்ணுமில்லைங்க" என்றாள். வயசாகிறது, மூட்டு வலி இருக்கும் என்று அவர் பாட்டுக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

டெவலப்பர், ஸ்டாப், ஹைப்போ எல்லாம் முடித்து விளக்கைப் போட்டு, கழுவின ஃபிலிமைத் தூக்கிப் பிடித்தார்.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். படத்தில் வெள்ளையாக வரவேண்டியது இங்கே கறுப்பு. முதல் ரோலில் மரமெல்லாம் அடர்ந்த கறுப்பு. மனைவியும் நல்ல கறுப்பு, அவள் உடுத்தியிருந்த துணிகூட. சரியான படம். இரண்டாவது ரோல். மரமெல்லாம் கறுப்பு. மனைவி நின்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லை என்றால், ஆள் வடிவம் இருந்தது. கத்தரிக்கோலால் வெட்டி எடுத்த மாதிரி. முகம், கை, துணி எல்லாம் கண்ணாடி. அந்த ஓட்டை வழியாக இருட்டறை பல்ப் தெரிந்தது.

படம் போட்டால் அவள் கரிக்கட்டையாக வருவாள், வக்கீலின் வேலி மாதிரி.

தவறு எங்கே என்று அவர் யோசித்தார். தவறு இருந்தாக வேண்டும். அதோடு பன்னிரண்டு படத்திலும், பின்னால் ஒரு மரத்தின் வேர் ஓரத்தில், குந்தி உட்கார்ந்த உயரத்துக்கு ஏதோ ஒன்று இலையைவிட அடர்த்தியாகக் கறுத்திருந்தது. புதர் என்று முடிவு செய்தார். இரண்டு ரோல் ஓரத்திலும் மொத்தை மொத்தையாகப் புகை பிடித்திருந்தது. ஒளி கசிந்திருக்கிறது. கதவுத் துணியைச் சரிசெய்ய வேண்டும் என்று எழுதிவைத்தார்.

வெளியே வந்தபோது மச்சினி வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"மாமா, என்னைப் பைத்தியம்னு நினைச்சாலும் பரவாயில்ல. உங்க ஃபிலிம்ல எங்க ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு படம் எடுங்க. அது பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

"ஏம்மா, அது செடி கொடிக்கு. உங்க அக்கா என்ன பிளாஸ்டிக்கா?"

"எடுங்க. அக்காதான்னு தெரிஞ்சா, அவ கால்ல விழுந்துட்டு ஊருக்குப் போயிடறேன்."

போனால் சரி என்று ஒத்துக்கொண்டார். மறுநாள் காலை பத்து மணி வெயிலில் இரண்டு பேரையும் பின்கட்டுச் சுவரோரம் நிறுத்தினார். மனைவி தானாகவே முகவாயை இடது பக்கம் தூக்கிக்கொண்டாள். ஸ்டாண்டில் கேமரா, ஃபோகஸ் பார்த்து, லென்ஸில் இந்த ஒளிக்கென்றே இருக்கும் சிவப்புக் கோட்டுக்கு அதைத் தள்ளிவைத்து, கடைசியாக இந்த ஃபிலிமுக்கான கருஞ்சிவப்பு ஃபில்டரைத் திருகினார். அதைப் போட்டுவிட்டால் கேமரா வழியாக ஒன்றும் தெரியாது. குருட்டுக் கண். எடுக்கிறவன் எதிரே இருப்பது இதுதான் என்று நம்பித்தான் எடுக்க வேண்டும்.

மத்தியானமே கழுவிப் பார்த்தார். மச்சினி கறுப்பு. அவளுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி. இரண்டு பேருக்கும் பின்னால், பின்கட்டுப் படிக்கட்டில், அந்தப் புதர்.

புதர் எழுந்து நின்றிருந்தது. அதற்குத் தலை இருந்தது. வாய் திறந்திருந்தது.

அவர் நெகட்டிவை மடித்து ஹைப்போ வாளிக்குப் பின்னால் செருகினார். மச்சினி கேட்டதற்கு, ஃபிலிம் கெட்டுப்போய்விட்டது, பழைய சரக்கு என்று சொன்னார். அவள் அவரையே பார்த்தாள். அவர் பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை. திமிர் பேசித்தான் பார்த்திருக்கிறாள்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது பரிமாறினவள் கையைப் பார்த்தார். வலது ஆள்காட்டி விரல் ஒரு கணு குறைந்துதான் இருந்தது. பாஸ்போர்ட் படம் வெட்டும் கட்டரில் போன விரல். கல்யாணமான புதிது, ஒரே நாளில் இருநூறு படம் வெட்டிக் கொடுக்க உட்கார்ந்தவள். அன்று அவர் சொன்னது, "பார்த்து வெட்டத் தெரியாதா?" முதலில் ரத்தம் படாத படங்களைத் தனியே எடுத்துவைத்துவிட்டுத்தான் டாக்டரிடம் கூட்டிப் போனார். அதை அவள் மாதம் ஒரு தடவையாவது சொல்லிக் காட்டுவாள். பத்து நாளாகச் சொல்லவில்லை.

விரல் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது.

இருட்டறையில் ஒளி கசிகிறதா என்று பார்க்க ஒரு பழைய முறை உண்டு. முழு இருட்டில் ஒரு துண்டு ஃபிலிமை மேஜைமேல் வைத்து, அதன்மேல் ஒரு சாமானை வைத்துப் பத்து நிமிடம் விட வேண்டும். கசிவு இருந்தால் சுற்றிலும் கறுத்து, சாமானின் வடிவம் மட்டும் தெளிந்து நிற்கும். இல்லாவிட்டால் ஃபிலிம் முழுக்கத் தெளிவு. அவர் கதவைப் பூட்டினார், அந்தச் சாவியையே ஃபிலிம்மேல் வைத்தார், சுவரில் சாய்ந்து நின்று எண்ணினார்.

முந்நூறு எண்ணும்போது, மேஜைமேல் டாங்க் மூடியில் டக் டக் என்று இரண்டு சத்தம்.

அவர் உள்ளே இருக்கும்போது மனைவி வேண்டுமென்றே கதவில் மோதிரத்தால் இரண்டு தட்டுத் தட்டுவாள். வெறுப்பேற்ற. அதே இரண்டு தட்டு. ஆனால் இது கதவில் இல்லை.

எண்ணிக்கையை விடாமல் அறுநூறு வரை எண்ணினார். கழுவினார். விளக்கைப் போட்டார்.

ஃபிலிமில் சாவியின் வடிவம் இரண்டு இடத்தில் இருந்தது. யாரோ நகர்த்தியிருந்தார்கள். அதைச் சுற்றி, கறுப்பாக, ஒரு கை. நான்கு விரல் முழுசாக. ஆள்காட்டி விரல் ஒரு கணு குறைச்சல்.

ஓரத்தில் மொத்தை மொத்தையாகப் பிடித்த புகையெல்லாம் என்ன என்று இப்போது தெரிந்தது. ஒவ்வொரு தடவையும், அவர் இந்த இருட்டில் ஃபிலிம் ஏற்றும்போதெல்லாம், அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்தப் புதர் அவள்தான், பின்னாலேயே வந்திருக்கிறாள். தோப்பிலிருந்து வீடுவரை. கூப்பிட்டுக்கொண்டே.

ஸ்டுடியோக்காரர் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, அவர் பிழைப்பு அது என்பதால், எழுந்து, சாவியைப் பூட்டில் திரும்பச் செருகி, விளக்கை அணைத்து, இன்னொரு ரோலை எடுத்தார். இருட்டில் முழு நீளத்தையும் உருவி மேஜையின் இந்தக் கோடியிலிருந்து கதவுப் பக்கத்துக் கோடிவரை விரித்து, ஓரங்களில் நாடா ஒட்டினார். நடுவில் தன் உள்ளங்கையை வைத்தார். அவள் என்ன சொல்ல வந்தாளோ அதைச் சொல்லட்டும். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டார்.

"சொல்லு."

குழாய் சொட்டியது. பிறகு சொட்டவில்லை.

மணிக்கட்டில் ஜில்லென்று. நான்கரை விரல். இறுக்கமாக. அவரைக் கதவிலிருந்து உள்பக்கம், சுவர்ப் பக்கம் இழுத்தது.

வெளியே, கதவுக்கு மிக அருகில், மனைவியின் குரல்: "என்னங்க, ஒரு நிமிஷம் இங்க வாங்களேன்."

அதே வார்த்தை. அதே ஏற்ற இறக்கம். தோப்பில் கேட்டது.

மணிக்கட்டுப் பிடி நடுங்கியது. இறுகியது. நழுவ ஆரம்பித்தது. ஒரு விரல். அடுத்த விரல். ஏதோ ஒன்று அவளைக் கதவுப் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அவர் கையைத் திருப்பி அவளைப் பிடித்திருக்கலாம். ஒரே ஒரு திருப்பு. ஆனால் கைக்குக் கீழே ஃபிலிம் இருந்தது. திறந்த ஃபிலிம். அசைந்தால் பாழ். முப்பது வருஷப் பழக்கம். மூளை யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"அசையாதே."

பிடி விட்டுப்போனது.

வெளியே சத்தமே இல்லை. அவர் ஃபிலிமை உரித்துச் சுருளில் ஏற்றினார். டெவலப்பர். பதினோரு நிமிடம். ஸ்டாப். ஹைப்போ. விளக்கு.

ஃபிலிமின் நடுவில் அவர் கை, கண்ணாடியாக. அதைச் சுற்றி அவள் விரல்கள், கறுப்பாக, கெட்டியாக. அங்கிருந்து விரல் தடம் ஐந்து கோடாக நீண்டிருந்தது. நகத்தால் பிறாண்டின மாதிரி. ஒரு கோடு மட்டும் கொஞ்சம் குட்டை. ஐந்தும் ஃபிலிம் நெடுக, எங்கும் விடாமல், கதவுப் பக்கத்துக் கோடிவரை போய், அங்கே ஒரேயடியாக நின்றிருந்தன.

கதவில் டக் டக் என்று மோதிரச் சத்தம்.

"எத்தனை நேரம்தான் அந்தப் புத்துக்குள்ளயே கிடப்பீங்க? உங்க மூத்த சம்சாரம் இன்னுமா விடலை? என் விரலை வாங்கின மாதிரி உங்க உயிரையும் வாங்கட்டும், அப்பத் தெரியும்."

சுள்ளென்று. பத்து நாளாக வெளியே இருந்தவளிடம் இல்லாத பழைய குரல், அந்தக் கோடுகள் போய் நின்ற கதவுக்கு அப்பாலிருந்து. ஒரு எழுத்து மாறாமல்.

அதன் பின்னால் மச்சினி, சிரிப்பும் அழுகையுமாக: "மாமா, வெளியே வாங்க. அக்கா என்னைத் திட்டிட்டா மாமா. நாக்கைப் புடுங்கற மாதிரி திட்டிட்டா. இவதான் எங்க அக்கா. நான்தான் கிறுக்கு."

ஈர ஃபிலிம் அவர் கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பூட்டில் சாவி உள்பக்கம்தான் இருந்தது. அது மெதுவாக, தானாக, திரும்பிக்கொண்டிருந்தது.

இதைப் படிக்கிறவர்களில் இந்த ஃபிலிமைக் கையாண்டவர்கள் இருப்பீர்கள். வீட்டு ஆட்களை எடுத்த பழைய நெகட்டிவ் இருந்தால் ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் விரல் மாதிரிப் புகையோ, இப்படி ஐந்து கோடோ இருந்தால் கீழே எழுதுங்கள். அந்தக் கோடு போன பக்கமாகத் தேடிப் போய் யாரையாவது திருப்பிக் கூட்டிவந்தவர்கள் உண்டா? உண்டென்றால் தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள். அவரிடம் இன்னும் ஒரே ஒரு ரோல்தான் இருக்கிறது. அது ஃபிரிட்ஜில், பாலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில்தான், முகவாயை இடது பக்கம் தூக்கி, அவள் நிற்கிறாள்.